வானத்துக்கு ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று சொல்பவரிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"எவ்வளவு உயரத்துல சார் போச்சு?"

"ரொம்ப உயரம்."

"என்ன ஸ்பீடு இருக்கும்?"

"பயங்கர ஸ்பீடு."

"எவ்வளவு பெரிசு?"

"அதை ஏன் கேக்கறீங்க... இவ்ளோ பெரிசு!" என்று இரண்டு கையையும் விரிப்பார். அவர் கை நீளம்தான் அதற்கு ஆதாரம்.

இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார். அதற்காக மனுஷன் புருடா விடுகிறார் என்று அர்த்தமில்லை. ராத்திரி வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்து அது எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல மனிதக் கண்ணால் முடியாது. தூரம் தெரியாவிட்டால் சைஸ் தெரியாது. சைஸும் தூரமும் தெரியாவிட்டால் வேகம் தெரியாது. மொட்டைமாடிக்கு மேலே போகும் மின்மினி, இருபது மைலுக்கு அப்பால் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கும் விமானம், கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுக்கிரன்... மூன்றும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான்.

அடியேன் பி.காம். எனக்கு ராக்கெட் தெரியாது. டிரையல் பேலன்ஸ் தெரியும். வருஷக் கடைசியில் டெபிட்டும் கிரெடிட்டும் உதைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்ற தலைப்பில் தற்காலிகமாகப் போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறோம். மறுநாள் வந்து வவுச்சர்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அந்தத் தலைப்பிலிருந்து கழிக்கிறோம்.

'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்பதும் இதுதான். வானத்தின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். இன்னும் வவுச்சர் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

தூரம், வேகம் என்று நம்பர் போட்டு வவுச்சர் தருவது ரேடார். அது ராணுவத்திடமும் விமான நிலையத்திடமும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது வெளிநாடுகளில் சாதாரண ஜனங்கள், பகலில் ஆபீஸுக்குப் போய்விட்டு ராத்திரி மாடியில் ரேடார் நடத்துகிறார்கள். ஒரு வாட் மின்சாரம்கூட வானத்தில் அனுப்பாமல்! அதற்குப் பெயர் பாஸிவ் ரேடார்.

ஊரார் வீட்டு நெய்

சாதாரண ரேடார், கிணற்றுக்குள் தலையை நீட்டி 'ஓய்' என்று கத்திவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி. கத்துவதற்குப் பெரிய டிரான்ஸ்மிட்டர் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், கோடிக்கணக்கில் காசு வேண்டும்.

பாஸிவ் ரேடார் வாயைத் திறப்பதில்லை. "ஏற்கெனவே ஊரில் இத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதற்கு?" என்கிறது. எஃப்.எம். ஸ்டேஷன்களும் டி.வி. டவர்களும் கிலோவாட் கணக்கில் அலைகளைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அலை வானத்தில் போகிற விமானத்தின்மேல் பட்டுச் சிதறுகிறது. சிதறலில் துளியூண்டு உங்கள் மாடிக்கும் வருகிறது. அதைப் பிடித்தால் போதும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழிக்கு விஞ்ஞான விளக்கம்!

இதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். மாடியில் மீன்முள் ஆன்டெனா வைத்து தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நடுவில் விமானம் போனால் படம் நடுங்கும். டவரிலிருந்து நேராக வந்த அலையும், விமானத்தில் பட்டு லேட்டாக வந்த அலையும் மோதிக்கொள்வதால் வந்த நடுக்கம் அது. வீட்டில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஓடுவார். அவர் போய்ச் சேர்வதற்குள் விமானம் போயிருக்கும், படம் சரியாகியிருக்கும். "இப்ப எப்படி?" என்று மேலிருந்து பெருமையாகக் கேட்பார். அந்தக் குடும்பம் பாஸிவ் ரேடார் நடத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்குத்தான் தெரியாது.

ரேடார் பிறந்த கதையே இப்படிப்பட்ட ஒரு நடுக்கத்தில்தான் தொடங்குகிறது. 1930-களில் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு 'மரணக் கதிர்' பைத்தியம் பிடித்திருந்தது. வானொலி அலையால் விமானத்தை வீழ்த்த முடியுமா என்று ராபர்ட் வாட்ஸன்-வாட் என்ற விஞ்ஞானியிடம் கேட்டார்கள். அவருடைய உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டார். அத்தோடு நிறுத்தாமல் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினார். பக்கத்தில் விமானம் பறந்தால் சிக்னல் படபடக்கிறது என்று தபால் இலாகா இன்ஜினீயர்கள் எழுதி வைத்திருந்தார்கள். வீழ்த்த முடியாவிட்டால் என்ன, கண்டுபிடிக்கலாமே!

1935 பிப்ரவரி 26. டாவென்ட்ரி என்ற ஊரில் பி.பி.சி.யின் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் தன்பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. சில மைல் தள்ளி ஒரு வேனுக்குள் ரிசீவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹெய்ஃபோர்டு ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலே போய்வந்தது. திரையில் பச்சைக் கோடு துள்ளியது. சுமார் 13 கிலோமீட்டர் தூரம் வரை விமானத்தைப் 'பார்த்துவிட்டார்கள்'. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தைக் காப்பாற்றிய 'செயின் ஹோம்' ரேடார் வரிசை அந்த வேனிலிருந்து வளர்ந்ததுதான். இதில் தமாஷ், பிற்பாடு ஜெர்மானியர்கள் 'க்ளைன் ஹைடல்பர்க்' என்று ஒரு கருவி செய்து, அதே செயின் ஹோம் அனுப்பிய அலைகளை ஓசியில் வாங்கி பிரிட்டிஷ் விமானங்களை வேவு பார்த்தார்கள்.

இரண்டு ஆணி, ஒரு நூல்

சரி, மாடியில் உட்கார்ந்து எப்படித் தூரத்தைக் கண்டுபிடிப்பது? இரண்டு ஆன்டெனா வேண்டும். ஒன்று எஃப்.எம். டவரைப் பார்த்து நிற்கும். இது அசல் பிரதி. இன்னொன்று வானத்தைப் பார்க்கும். இது நகல் பிரதி. நகல், அசலைவிட எத்தனை நேரம் பின்தங்கி வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒப்பிடுகிறது. மைக்ரோ செகண்டு ஒன்றுக்கு 300 மீட்டர் கூடுதல் தூரம்.

ஸ்கூலில் நீள்வட்டம் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலைக் கட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்துச் சுற்றுவோம். இங்கே ஒரு ஆணி எஃப்.எம். டவர். இன்னொரு ஆணி உங்கள் வீடு. நூலின் நீளம்தான் அலை வந்த மொத்த தூரம். பென்சில் முனையில் எங்கேயோ விமானம். 'எங்கேயோ' என்றால்? அந்த நீள்வட்டத்தில் எங்கே வேண்டுமானாலும்!

இங்கேதான் தனிமனித வீரம் செல்லுபடியாகாது. வேறு ஊரில் இன்னொருவர் தன் மாடியில் இதே வேலையைச் செய்தால் இன்னொரு நீள்வட்டம் கிடைக்கும். இரண்டும் வெட்டும் இடங்களில் ஒன்றில் ஆசாமி இருக்கிறான். மூன்றாவது நபரும் சேர்ந்தால் உயரமும் வந்துவிடும். வேகத்துக்கு டாப்ளர் விளைவு. நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஹாரன் சுருதி இறங்குகிறதே, அதே சங்கதி.

சொல்வதற்கு சுலபமாக இருக்கிறது. செய்வது கல்யாண மண்டபத்தில் தவில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் யாரோ தும்முவதைக் கேட்கிற வேலை. நேரடி சிக்னல் அத்தனை பலம். எதிரொலி அத்தனை சோனி. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1990-களில் இதற்கு அழகான வழி கண்டுபிடித்தது. சியாட்டில் நகர எஃப்.எம். அலைகளைக் கேட்க, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, காஸ்கேட் மலைத்தொடருக்கு அந்தப்புறம் மனாஸ்டாஷ் ரிட்ஜ் என்ற இடத்தில் ரிசீவரை வைத்தார்கள். நேரடி சத்தத்தை மலை தடுத்துவிடும். மலைக்கு மேலே உயரத்தில் பட்டுச் சிதறுவது மட்டும் வந்து சேரும். அசல் பிரதிக்கு சியாட்டிலிலேயே இன்னொரு ரிசீவர். வளிமண்டலத்தின் உச்சியை ஆராயக் கட்டியது. விமானங்களும் எரிகற்களும் போனஸாக விழுந்தன.

பல்கலைக்கழகத்திலிருந்து இது பாமரன் வீட்டுக்கு வந்தது 2012-ல். கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பதற்காக விற்ற, கட்டைவிரல் நீளமுள்ள ஒரு மலிவு டாங்கிள். அதற்குள் இருந்த ரியல்டெக் சிப்பை லேசாக ஏமாற்றினால், டி.வி. மட்டுமல்ல, அகண்ட அலைவரிசை எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சில கில்லாடிகள் கண்டுபிடித்தார்கள். விலை இருபது டாலர் சுமார். நாலைந்து சிப்புகளை ஒரே கடிகாரத்தில் ஓடவிட்டால் ரேடாருக்குத் தேவையான ஜோடி ரெடி.

பாஸ்புக்கும் கேஷ்புக்கும்

இனிமேல்தான் நம்ம டிபார்ட்மென்ட். பேங்க் ரீகன்சிலியேஷன்!

திரையில் இன்றைக்கு 200 எதிரொலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பாஸ்புக். பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் நான் இன்னார், இன்ன உயரத்தில் இருக்கிறேன் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவித்துக்கொண்டே போகிறது. அதையும் இதே டாங்கிளால் கேட்கலாம். இது கேஷ்புக். இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடியுங்கள். பெரும்பாலானவை அங்கேயே கழிந்துவிடும்.

அடுத்து எரிகற்கள். ஒரு எரிகல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது பின்னால் விடும் தடம், ஒரு கணம் கண்ணாடி போல வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். பெல்ஜியத்தில் இதற்கென்றே 2010-லிருந்து 'பிராம்ஸ்' என்ற வலைப்பின்னல் இருக்கிறது. டூர்ப் என்ற ஊரிலிருந்து ஒரு சிக்னல் போகும். பள்ளிக்கூடங்களும் அமெச்சூர்களும் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதன் எதிரொலியைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். பிரான்ஸ் விமானப்படை, விண்கோள்களைக் கண்காணிக்க 'கிராவ்ஸ்' என்ற ரேடாரை 143.05 மெகாஹெர்ட்ஸில் நடத்துகிறது. அதை ஐரோப்பா முழுக்க அமெச்சூர்கள் ஓசியில் கேட்கிறார்கள். எரிகல் போனால் 'பிங்'. சர்வதேச விண்வெளி நிலையம் போனால் 'வீய்ய்...' என்று ஒரு இறக்கம். நல்ல ஆன்டெனா இருந்தால், அந்த ரேடாரின் அலை சந்திரனில் பட்டு, இரண்டரை செகண்டு கழித்துத் திரும்பி வருவதைக்கூடக் கேட்கலாம். பிரெஞ்சு அரசாங்கம் இதற்கு பில் அனுப்புவதில்லை.

எல்லாம் கழித்தபின் சில என்ட்ரிகள் மிஞ்சும். அவற்றில் எத்தனை நிஜம், எத்தனை கருவியின் கோளாறு என்று பார்க்க வேண்டும். ஒரு மாடியில் மட்டும் தெரிந்தால் வயர் லூஸாக இருக்கலாம். மூன்று ஊர் மாடிகளில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தைக் காட்டினால், அது ஏதோ ஒன்று!

மேற்கு ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற அத்துவானக் காட்டில் ஒரு வானொலி தொலைநோக்கி இருக்கிறது. அங்கே டி.வி. டவரே கிடையாது, அமைதிக்காகவே தேர்ந்தெடுத்த இடம். ஆனாலும் பதிவில் ஒரு டி.வி. சிக்னல் வந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் மர்மம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதை நோண்டி, 2025-ல் விடை சொன்னார்கள். எங்கோ தூரத்து டி.வி. ஒலிபரப்பு, மேலே போன விமானத்தில் பட்டுக் கீழே விழுந்திருக்கிறது. எதிரொலியை வைத்தே விமானத்தின் உயரம் சுமார் 11.7 கிலோமீட்டர், வேகம் மணிக்கு சுமார் 792 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நம்ம பல்லாவரம் டி.வி. நடுக்கம்தான், ஐயா! சஸ்பென்ஸ் அக்கவுன்டில் ஒரு என்ட்ரி கழிந்தது.

12 டாலர் பலூன், 4 லட்சம் டாலர் ஏவுகணை

"இதெல்லாம் வேலையத்த வேலை சார்" என்று பக்கத்து சீட்காரர் கொட்டாவி விடலாம். 2023 பிப்ரவரியில் நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள்.

சீனாவின் ராட்சத பலூன் ஒன்று அமெரிக்காவின் குறுக்கே மிதந்து போனது. பிப்ரவரி 4-ம் தேதி கடற்கரை தாண்டியதும் சுட்டு வீழ்த்தினார்கள். "இவ்வளவு பெரிய வஸ்து வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று நாடு முழுக்கக் கேள்வி. பதில் ரொம்ப சாதாரணமானது. ராணுவ ரேடாரில் மெதுவாகப் போகிற, சின்னதான பொருள்களை வடிகட்டிவிடும் ஃபில்டர் உண்டு. இல்லாவிட்டால் பறவையும் மேகமும் திரையை அடைத்துக்கொள்ளும். வேகமாக வரும் எதிரியைப் பார்ப்பதற்காகவே செட் பண்ணியது. மெதுவாக வந்தவன் வடிகட்டியில் போய்விட்டான்.

உடனே வடிகட்டியைத் தளர்த்தினார்கள். அவ்வளவுதான், அதுவரை இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பித்தது! பிப்ரவரி 10 அலாஸ்கா, 11 கனடாவின் யூகான், 12 ஹ்யூரான் ஏரி... மூன்று நாளில் மூன்று 'அடையாளம் தெரியாத பொருள்'. மூன்றையும் போர் விமானம் அனுப்பிச் சுட்டார்கள். ஹ்யூரான் ஏரியில் முதல் ஏவுகணை குறி தவறி, இரண்டாவது போட வேண்டியிருந்தது. ஏவுகணை ஒன்றின் விலை 4 லட்சம் டாலருக்கு மேல்.

அதே சமயம் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு பொழுதுபோக்குக் கழகம், காணவில்லை என்று தன் குட்டி பலூனைத் தேடிக்கொண்டிருந்தது. பெயர் 'நார்தர்ன் இல்லினாய்ஸ் பாட்டில்கேப் பலூன் பிரிகேட்'. இந்த ரக பலூன்கள் 12 டாலரிலிருந்து கிடைக்கும். உலகத்தை ஆறு முறை சுற்றி, ஏழாவது ரவுண்டில் இருந்தது. கடைசியாக அலாஸ்கா ஓரம் தகவல் அனுப்பியது. 11-ம் தேதி யூகான் மேலே வந்திருக்க வேண்டும். யூகானில் சுட்டது அதுதான் என்று யாரும் ஊர்ஜிதம் செய்யவில்லை. சிதறல் கிடைக்காமலே தேடுதலை நிறுத்திவிட்டார்கள். மூன்றும் பெரும்பாலும் தனியார் கம்பெனி, பொழுதுபோக்கு அல்லது ஆராய்ச்சி பலூன்களாகத்தான் இருக்கும் என்று 16-ம் தேதி ஜனாதிபதி பைடனே சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். வானத்தில் அந்த மூன்று நாளில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. மாறியது வடிகட்டி. எதைத் தேடுகிறோமோ அதுதான் தெரியும்; எதை ஒதுக்குகிறோமோ அதை 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். தெரிந்த மாத்திரத்தில் அடையாளம் சொல்ல ஆள் இல்லாவிட்டால், கை ஏவுகணைப் பொத்தானுக்குப் போகிறது. அடையாளம் தெரியாததற்கு நாம் தரும் விலை அது.

மாடி ரேடார் இருந்தால் அந்த பலூனைப் பார்த்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால், சிரமம். காற்றில் மிதக்கும் பொருளுக்கு டாப்ளர் குறைவு. மலை, கட்டடத்தின் எதிரொலியோடு கலந்துவிடும். எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். உள்ளங்கை சைஸ் பொருளெல்லாம் அதற்குத் தூசு. எஃப்.எம்.மை வைத்துத் தூரத்தையும் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்ல முடியும். போதாக்குறைக்கு, டவர்காரன் கடையை மூடினால் ரேடாரும் குளோஸ். நார்வே 2017-ல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்புகளை நிறுத்தியதே, அந்த மாதிரி. ஆனால் வடிகட்டியை எங்கே வைப்பது என்று ஒரே ஒரு அலுவலகம் தீர்மானிப்பதற்கும், ஆயிரம் மாடியில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு விதமாக வைத்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். இன்டர்னல் ஆடிட் ஒன்று, எக்ஸ்டர்னல் ஆடிட் ஒன்று இருப்பது எதற்காக?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2021-ல் தொடங்கிய 'கலிலியோ' திட்டத்தின் ஆட்கள், எஃப்.எம். அலைகளை வைத்துப் பல இடங்களில் ரிசீவர் அமைக்கும் 'ஸ்கைவாட்ச்' என்ற யோசனையை 2023-ல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அதே ஆண்டு நாசா நியமித்த நிபுணர் குழுவும், மர்மப் பொருள்கள் பற்றிப் பெரிய குறை நல்ல அளவீடுகள் இல்லாததுதான் என்றும், பொதுமக்களின் பதிவுகளையும் முறையாகச் சேகரிக்கலாம் என்றும் சொன்னது.

ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'க்ராக்கன் ஆர்.எஃப்.' என்ற சிறு கம்பெனி, ஐந்து ரிசீவர் ஒன்றாகச் சேர்ந்த பெட்டியை அமெச்சூர்களுக்கு விற்றது. பாஸிவ் ரேடார் சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுத்தது. 2022 நவம்பரில் அதைத் திடீரென்று வாபஸ் வாங்கிவிட்டது. காரணம், அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிச் சட்டம். வானொலி, டி.வி. அலைகளைக் கொண்டு, 125 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அகலத்தில் வேவு பார்க்கும் ரேடார், அன்றைக்கு அமலில் இருந்த ஆயுதப் பட்டியலில் இருந்தது. பீரங்கி, ஏவுகணை வரிசையில், மாடி ஆன்டெனாவும் டி.வி. டாங்கிளும்!

சிரிப்பு வந்தாலும் சட்டத்தின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அலை அனுப்பாத ரேடாரை யாரும் கண்டுபிடித்துத் தாக்க முடியாது. விமானத்தைப் பார்க்கிற கண், ராணுவ விமானத்தையும் பார்க்கும். எரிகல் எண்ணுகிறவன் கையில் இருக்கும் பெட்டி, வேறொருவன் கையில் வேறு வேலை செய்யும். இந்த வழக்கு சுலபத்தில் தீராது. ஆசை வந்தவர்கள் கடைக்கு ஓடுமுன் நம்ம ஊர் சட்டத்தையும் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

மற்றபடி இது பொறுமைக்காரர்களின் விளையாட்டு. மாதக்கணக்கில் டிக் அடித்தாலும் கிடைப்பது விமானம், விமானம், எரிகல், மறுபடி விமானம். வேற்றுக்கிரகவாசி கைகுலுக்க வருவார் என்று உட்காருகிறவர் பத்தாவது நாள் ஆன்டெனாவைத் துணி காயப்போடக் கொடுத்துவிடுவார். 'மிச்சம் எவ்வளவு, ஏன் மிச்சம்?' என்று கேட்கிறவர்தான் தாக்குப்பிடிப்பார். அது குமாஸ்தா புத்தி என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தபால் இலாகா இன்ஜினீயர்கள் படபடப்பை நோட்டில் எழுதி வைத்ததும் அதே புத்திதான்.

சஸ்பென்ஸ் அக்கவுன்டில் இரண்டு பாவம் உண்டு. சின்னத் தொகைதானே என்று ரைட்-ஆஃப் செய்வது ஒன்று. அரசாங்கங்கள் ரொம்ப நாள் அதைச் செய்தன. வவுச்சரே இல்லாமல் இஷ்டப்பட்ட தலைப்புக்கு மாற்றுவது இன்னொன்று. பறக்கும் தட்டு பக்தர்கள் அதைச் செய்கிறார்கள். இரண்டும் இல்லாமல், மிச்சத்தை மிச்சமாகவே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வதுதான் முறை.

செவ்வாய்க் கிரகத்துக்காரரே நேரில் வந்தாலும் சரி. பில் இருந்தால் என்ட்ரி.